‘அலெஜ்ட்லி’ போட்டுவிட்டால் வழக்கு வராதா?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. திருப்பூரில் ஓர் ஆங்கிலச் செய்தித் தளத்துக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். பல்லடம் பக்கம் ஏலச் சீட்டு நடத்திய ஒருவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று பெண்கள் பலர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். அதைச் செய்தியாக எழுதி அனுப்பினேன். எடிட்டர் வரிக்கு வரி ‘அலெஜ்ட்லி’ (allegedly, அதாவது ‘கூறப்படுகிறபடி’) சேர்த்தார். அதையே ஒரு தமிழ் நாளிதழுக்கு ‘கூறப்படுகிறது’ போட்டு எழுதிக் கொடுத்தேன். “அந்த வார்த்தை இருந்தா ஒருத்தரும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது” என்று சீனியர்கள் சொன்னார்கள். இப்போது சீட்டு நடத்தியவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மனு கொடுத்த அம்மா ஒருவரும் போன் செய்தார். அவர் மகன் செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறான். “நாங்க பொய் சொல்றோம்ங்கற மாதிரி எழுதிப்போட்டியே கண்ணு” என்று அழுதுவிட்டார். இந்தச் சொல்லை எங்கே போடுவது, எங்கே விடுவது?

— வாசகி, திருப்பூர்

பதில்:

அம்மிணி, நீங்கள் அனுப்பிய இரண்டு செய்திகளையும், நோட்டீஸின் நகலையும் படித்தேன். சீட்டுக்காரர் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது, அந்த அம்மா அழுததற்கும் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணம்தான். செய்தியில் குற்றச்சாட்டு இருக்கிறது, அதைச் சொன்னது யார் என்பது இல்லை. ‘அலெஜ்ட்லி’ என்று படித்தவுடன் சீட்டுக்காரர் “பேப்பர்காரங்களே நம்மள மோசடின்னு சொல்றாங்க” என்று எடுத்துக்கொள்கிறார். அந்த அம்மாவோ “நாம சொன்னத பேப்பர்காரங்க நம்பல” என்று எடுத்துக்கொள்கிறார். அனுப்புநர் பெயர் இல்லாமல் வந்த மொட்டைக் கடுதாசியை ஆளுக்கு ஒரு விதமாகச் சந்தேகப்படுவார்கள் இல்லையா, அப்படி ஆகிவிட்டது.

உங்களுக்குத் தூக்கம் போயிருப்பது நோட்டீஸால்தான் என்பதால் சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். அவதூறுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 356-வது பிரிவு இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், செல்லும் என்று 2016-ல் தீர்ப்பாகிவிட்டது. இதைத் தவிர சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கும் வழியும் இருக்கிறது.

அந்தப் பிரிவில் பத்து விதிவிலக்குகள் உண்டு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை ஒன்று. நீதிமன்ற நடவடிக்கையைச் சாராம்சம் பிசகாமல் எழுதியது இன்னொன்று. பொது நன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொன்னது மற்றொன்று. ‘இப்படிச் சொல்லப்படுகிறது’ என்று சேர்த்துக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று பத்தில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒருவர் சொன்ன பழியை நாம் அச்சில் ஏற்றினால் அந்தப் பழியை நாமும் சொன்னதாகவே கணக்கு. ‘நான் சொல்லலீங்க, அவங்க சொன்னாங்க’ என்பது மட்டும் பதிலாகாது.

நல்லெண்ணம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்றால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாக ஏற்க முடியாது என்று அதே சட்டத்தின் வரையறைப் பகுதியில் இருக்கிறது. ஆக, உங்களைக் காப்பாற்றப்போவது நீங்கள் வாங்கி வைத்த மனு நகலும், பார்த்த சீட்டு நோட்டும், எதிர்த்தரப்புக்குப் போட்ட போனும்தான். மனு கொடுத்த இடம் கலெக்டர் அலுவலகம், கோர்ட் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றச் செய்திக்குக் கிடைக்கும் விதிவிலக்கை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துச் செய்திக்கு நேரடியாகக் கேட்க முடியாது. குறைதீர்க்கும் கூட்டத்தில் யாரும் யார் மீதும் என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். அதனால் அங்கே கிடைக்கும் செய்திக்குத்தான் நாம் அதிகம் அலைய வேண்டும்.

இனி உங்கள் செய்திக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் முதல் பத்தியிலேயே அந்தச் சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. ‘பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் பெண்கள், கலெக்டரிடம் மனு கொடுத்ததாகக் கூறப்படுகிறது, சீட்டு நடத்தியவர் பணம் வசூலித்ததாகக் கூறப்படுகிறது’ என்பதுதான் அதன் தமிழ்.

மனு கொடுத்தபோது நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள். போட்டோகூட எடுத்திருக்கிறீர்கள். கண்ணால் பார்த்ததற்கு ‘கூறப்படுகிறது’ எதற்கு? பணம் வசூலித்தது? அந்தப் பெண்களின் கையில் மாதாமாதம் அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு நோட்டு இருக்கிறது. அதைவிட முக்கியம், நோட்டீஸை மறுபடி படித்துப் பாருங்கள். பணம் வாங்கவே இல்லை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. வாங்கினேன், சீட்டு எடுத்த சிலர் தவணை கட்டாமல் நின்றுவிட்டதால் தாமதமாகிறது, ஏமாற்றவில்லை என்கிறார். அப்படியென்றால் இந்த விவகாரத்தில் இரு தரப்பும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான். அவர் ஏமாற்ற நினைத்தாரா, இல்லையா? குற்றச்சாட்டு என்ற அடையாளம் தேவைப்படுவது அந்த இடத்துக்கு மட்டும். செய்தியில் அந்த இடத்தில் மட்டும் அது இல்லை! தலைப்பில் ‘சீட்டு மோசடி’ என்று தீர்த்தே எழுதிவிட்டார்கள்.

நான் செய்தி மேசையில் (செய்திகளைத் திருத்தும் இடத்தில்) இருந்து இதைத் திருத்தியிருந்தால் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

‘ஏலச் சீட்டில் கட்டிய பணம் தவணை முடிந்தும் கிடைக்கவில்லை என்று பல்லடம் பகுதிப் பெண்கள் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தனர். பணம் கட்டியதற்கான சீட்டு நோட்டுகளின் நகல்களை மனுவுடன் இணைத்திருந்தனர். சீட்டு நடத்தியவர் தங்களை ஏமாற்றிவிட்டதாக மனுவில் அவர்கள் குற்றம்சாட்டியுள்ளனர். இதை மறுத்த அவர், தவணை கட்டாதவர்களிடம் வசூலித்துப் பணத்தைத் தந்துவிடுவதாகக் கூறினார்.’

‘அலெஜ்ட்லி’ ஓரிடத்திலும் தேவைப்படவில்லை. இதற்குக் கீழே ஐந்தாவது வரியாக ஒன்று வந்திருக்க வேண்டும், அதற்காக நீங்கள் ஒரு மணி நேரம் அலைந்திருக்கலாம். 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு தொடங்க முன் அனுமதியும் பதிவும் வேண்டும். பதிவுத்துறையில் போய் இந்தச் சீட்டு பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும். பதிவு இல்லை என்று அதிகாரி சொன்னால் அது யாருடைய குற்றச்சாட்டும் இல்லை, அரசுப் பதிவேடு சொல்லும் விஷயம். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் சீட்டு நடக்கிறது. படிக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி எத்தனையோ ‘அலெஜ்ட்லி’களைவிடப் பயன்பட்டிருக்கும்.

அப்படியானால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. குற்றம் சொன்னது யார் என்று மேலே ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டபின், கீழே அதே விஷயத்தை இன்னொரு முறை தொடும்போது ‘மனுவில் குற்றம்சாட்டியுள்ளபடி’ என்று நீட்டாமல் ஒரு சொல்லில் முடித்துக்கொள்ள அது உதவும். அதைச் சரியான வினைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் தன் நிருபர்களுக்குக் கொடுக்கும் நடைக் கையேட்டில் இதற்கென்றே ஒரு குறிப்பு உண்டு. கூட்டம் நடந்தது உறுதி, அவர் போனாரா என்பதுதான் சர்ச்சை என்றால், ‘நடந்ததாகக் கூறப்படும் கூட்டத்துக்கு அவர் போனார்’ என்று எழுதாதே, ‘கூட்டத்துக்கு அவர் போனதாகக் கூறப்படுகிறது’ என்று எழுது என்கிறது. குற்றச்சாட்டு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. நம்முடைய ஆங்கில மேசைகளில் இந்த இரண்டையும் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல நொய்யல் ஆறு போதும். ஆற்றில் நுரை பொங்கி ஓடுகிறது, பாலத்தில் நின்று பார்க்கிறோம். ‘நுரை வந்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுத வழியே இல்லை. அந்த நுரை சாயக்கழிவா, வீட்டுச் சாக்கடையா என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீர் மாதிரியை எடுத்துச் சோதித்தால் தெரியவரும் விஷயம். வாரியம் சொல்லும்வரை ‘சாயக்கழிவு என்று அப்பகுதி விவசாயிகள் சொல்கிறார்கள்’ என்பதுதான் சரி. இன்ன சாயப்பட்டறைதான் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. பெயர் போட்டு எழுதும் முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டிய இடம் அது. கண்ணால் கண்டது, சோதித்து அறிவது, ஒருவர் மீது சொல்வது என்று ஒரே செய்திக்குள் மூன்றும் கலந்து கிடக்கிறது. மூன்றின் மேலும் ஒரே சொல்லைத் தெளித்துவிட்டுப் போனால், படிப்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போகிறது.

பயந்து பயந்து தெளிப்பதால் இன்னொரு கெடுதலும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆயக்கட்டு (ஆற்றுப் பாசனப் பகுதி) விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி வாங்கிய உத்தரவு அது. நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே உள்ள நிலமும் கிணறும் கெட்டது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. இன்றைக்கும் பின்னணி எழுதுகிறவர்கள் ‘சாயக்கழிவு கலந்ததாகக் கூறப்படும் நொய்யல்’ என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்த விவசாயிகள் கோர்ட்டில் நிரூபித்ததை மறுபடி வெறும் பேச்சாக்கிவிடுகிறது அந்த வரி.

தீர்ப்பு வந்த வழக்குகளிலும் இதே கதைதான். மக்களிடம் முதலீடு திரட்டி ஏமாற்றிய திருப்பூர் பாசி நிறுவன வழக்கில் 2009-ல் புகார்கள் கிளம்பின. 2022 ஆகஸ்ட்டில் கோவை முதலீட்டாளர் பாதுகாப்புச் சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. தீர்ப்புக்கு முந்தைய நாள் வரை அவர்கள் குற்றம்சாட்டப்பட்டவர்கள். மறுநாளிலிருந்து ‘மோசடி செய்ததாகக் கூறப்படும்’ என்று எழுதுவது பிழை. மேல்முறையீடு இருந்தால் அதைத் தனியாக ஒரு வரியில் சொன்னால் போதும். நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களை வைத்து எழுதும் உரிமையை, நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்திருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்களின் அடையாளம் போன்றவற்றை அதிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது.

தமிழுக்கு வருகிறேன். இங்கே சிக்கல் இன்னும் கூடுதல். ‘கூறப்படுகிறது’ என்பதில் எழுவாயே கிடையாது. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே “ஆருங்க சொன்னது?” என்று கேட்டுவிடுவார். அதற்கு நம் செய்தியில் பதில் இருக்காது. பேச்சில் நம் ஆட்கள் “பணத்த எடுத்துட்டு ஓடிப்போட்டாராமா” என்பார்கள். அந்த ‘ஆமா’வைக் கேட்டதுமே, இது பிறர் சொல்லிக் கேட்டது, நான் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். செய்தி நடையில் அது வம்புப்பேச்சு போல ஒலிப்பதால் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ‘என்று மனுவில் கூறியுள்ளனர்’, ‘என்று இன்ஸ்பெக்டர் தெரிவித்தார்’, ‘என்று எஃப்.ஐ.ஆரில் உள்ளது’ ஆகியவை கைவசம் இருக்கின்றன. ‘என்று’ போட்டால் அதற்கப்புறம் ஆளையோ காகிதத்தையோ எழுதியே ஆக வேண்டும் என்று பழகிக்கொள்ளுங்கள். ‘தெரிகிறது’, ‘தெரியவந்துள்ளது’ இரண்டும் இதைவிட ஆபத்து. யாருக்குத் தெரிந்தது என்பதைச் சொல்லாமலே விஷயத்தை உண்மையாக்கிவிடும்.

ஆங்கிலத்தில் இல்லாத இன்னொரு சங்கடம் தமிழில் உண்டு. வினைச்சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடும். ‘செயின் பறித்த வாலிபர் சிக்கினான்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சந்தேகப்பட்டுப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ‘பறித்த’ என்ற பெயரெச்சம் குற்றத்தை முடித்துவிட்டது, ‘-ஆன்’ மரியாதையையும் பிடுங்கிவிட்டது. உள்ளே நான்கு இடத்தில் ‘கூறப்படுகிறது’ போட்டு என்ன பயன்? ‘செயின் பறிப்புப் புகாரில் வாலிபர் கைது’ என்றால் இடமும் கூடவில்லை, யார் தலையிலும் எதையும் கட்டவில்லை. ‘புகாரில்’ என்ற அந்த ஒரு சொல் தலைப்பில் செய்யும் வேலையை ஆங்கிலத்தின் ‘அலெஜ்ட்லி’யால் செய்ய முடிவதில்லை. கைதாகிறவர் பெரும் பணக்காரராக இருந்தால் ‘கைது செய்யப்பட்டார்’, கூலிக்காரராக இருந்தால் ‘சிக்கினான்’ என்று எழுதும் வழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள். உங்களிடம் இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு வரும்வரை ‘குற்றவாளி’ என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

‘போலீசில் பரபரப்பு வாக்குமூலம்’ என்று வருவதையும் இதோடு பாருங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அந்த நபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொன்னதையே இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவும் சொல்கிறது. கோர்ட் ஏற்காத ஒன்றை நாம் மேற்கோள் குறி போட்டு முதல் பக்கத்தில் வைக்கிறோம். எழுதத்தான் வேண்டும் என்றால் ‘போலீசார் கூறுகையில்’ என்று தொடங்குங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். பாலியல் குற்றம் போன்ற சில வகை தவிர, மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

பாலியல் புகார்ச் செய்தியில் ‘அலெஜ்ட் விக்டிம்’ (பாதிக்கப்பட்டதாகக் கூறப்படுபவர்) என்று எழுதவே எழுதாதீர்கள். ‘புகார் கொடுத்த பெண்’ போதும். பெயர், ஊர், பள்ளி, உறவினர் பெயர் என அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. பி.என்.எஸ். 72-வது பிரிவும், குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் அதைத் தடை செய்கின்றன. ‘கூறப்படுகிறது’ சேர்த்தாலும் தடை தடைதான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. நோட்டீஸுக்கு நீங்களாக உட்கார்ந்து பதில் எழுதாதீர்கள், சீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சமாதானமும் பேசாதீர்கள். இரண்டு நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கும் நோட்டீஸ் நகலை எழுத்தில் அனுப்புங்கள். பகுதிநேர நிருபர்தானே என்று கழற்றிவிடப் பார்ப்பார்கள். ‘அலெஜ்ட்லி’ சேர்த்ததும் தலைப்பு வைத்ததும் மேசை என்பதற்கு, நீங்கள் அனுப்பிய மூலப்பிரதி மெயிலில் இருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். குறிப்பேடு, போட்டோ, மனு நகல், சீட்டு நோட்டின் படம், பேசியவர்களின் பதிவு எதையும் போனிலிருந்து அழிக்க வேண்டாம். நிறுவனம் கைவிட்டால் அவதூறு வழக்கு நடத்திய அனுபவம் உள்ள வக்கீல் ஒருவரைத் திருப்பூரிலோ கோவையிலோ நீங்களே பாருங்கள். இணையத்தில் உள்ள செய்தியைத் திருத்துவதும், அவருடைய மறுப்பைச் சேர்ப்பதும் என் பார்வையில் அவசியம். ஆனால் வாசகத்தை வக்கீல் பார்த்தபிறகு ஏற்றுங்கள்.

அந்த அம்மாவுக்கு மட்டும் இன்றைக்கே போன் போடுங்கள். “நீங்க சொன்னத நான் சந்தேகப்படலீங்கம்மா, ‘மனு கொடுத்த பெண்கள்’னு எழுதியிருக்கணும்” என்று நேராகச் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீசில் மனுவுக்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதை அவரிடம் வாங்கிக்கொண்டு, மனு எந்த அதிகாரிக்குப் போயிருக்கிறது, விசாரணை தொடங்கிவிட்டதா என்று கேட்டு அடுத்த செய்தியை எழுதுங்கள்.